லாகின் பெயர் இருக்கிறது, மின்னஞ்சல் முகவரி எங்கே? (640 பயனர்கள்)

#1 | புதுச்சாவி

வணக்கம். நிறுவன சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. முன்பு இருந்தவர் விட்டுப்போனது பாஸ்வேர்டுப் பட்டியலும் பாதியில் நிற்கும் ஒரு குறிப்பேடும்தான்.

கணக்கு மென்பொருளில் ஒரு பில் ஒப்புதலுக்கு வந்தால் உரியவருக்கு மெயில் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மென்பொருளில் 640 பேரின் லாகின் பெயர் மட்டும் இருக்கிறது. மின்னஞ்சலுக்கு ஒரு கட்டம் உண்டு, ஆனால் எல்லாருக்கும் காலி. எங்களுடையது விண்டோஸ் டொமைன், அதாவது எல்லாருடைய லாகினும் ஒரே இடத்தில் நிர்வகிக்கப்படும் அமைப்பு. மெயில் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் எங்கள் சர்வரிலேயே ஓடுகிறது, கொஞ்சம் பேரின் மெயில்பெட்டி மட்டும் மைக்ரோசாஃப்டின் மேகத்துக்கு (கிளவுட்) போய்விட்டது.

சுலபமாக இருக்கிறதே என்று நான் லாகின் பெயருக்குப் பின்னால் அட் குறியும் டொமைனும் ஒட்டி முகவரி செய்தேன். முதல் சுற்றில் 200 பேருக்கு அனுப்பியதில் 31 திரும்பி வந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு மெயில் திரும்பி வராமல் வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரே பெயரில் இரண்டு பேர். இளையவருக்குப் போக வேண்டிய பில் விவரம் மூத்த மேலாளர் பெட்டியில் விழுந்தது. அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே கூப்பிட்டுச் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சரியான முகவரியை எங்கிருந்து எடுப்பது?

#2 | சர்வர்மேய்ப்பன்

ஒட்டுப்போடுவதை இப்போதே நிறுத்துங்கள். லாகின் பெயர் வேறு, மின்னஞ்சல் வேறு. இரண்டும் ஒன்றுபோல இருப்பது நிறுவனம் சின்னதாக இருந்த காலத்துப் பழக்கம். ஒரே பெயரில் இரண்டாவது ஆள் சேர்ந்த அன்றே அது முடிந்துபோகிறது. திரும்பி வந்த 31 உங்களுக்குத் தெரிந்த பிழை. தப்பான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தவை இன்னும் எத்தனை என்று உங்களுக்குத் தெரியாது.

விண்டோஸ் டொமைனின் பயனர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு பயனருக்கும் 'மெயில்' என்று ஒரு புலம் இருக்கிறது. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் கெட்-ஏடியூசர் கட்டளையால் எடுக்கலாம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று அங்கே உண்டு. அந்தக் கட்டளை தானாகக் காட்டுவது 10 புலங்களை மட்டும்தான்: பெயர், லாகின், கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பது போன்றவை. மின்னஞ்சல் அந்தப் பத்தில் இல்லை. ப்ராப்பர்ட்டீஸ் என்ற சுவிட்சில் மெயில் என்று தனியாகக் கேட்டால்தான் தரும். கேட்காமல் எடுத்துவிட்டு "எல்லாருக்கும் காலியாக இருக்கிறது" என்று இங்கே எழுதியவர்கள் நிறைய பேர்.

இதற்கு அட்மின் உரிமை எதுவும் வேண்டாம். சாதாரண டொமைன் கணக்கே இந்தப் புலங்களைப் படிக்க முடியும். அட்மின் கணக்கில் ஸ்கிரிப்ட் ஓட்டிப் பழகாதீர்கள்.

#3 | புதுச்சாவி

மிக்க நன்றி. ஓட்டிப் பார்த்தேன். 640இல் 581 பேருக்கு முகவரி கிடைத்தது. 47 பேருக்கு ஆள் இருக்கிறார், மெயில் புலம் காலி. 12 லாகின்களுக்கு "அப்படி ஒருவரே இல்லை" என்கிறது. ஆனால் அந்த 12 பேரில் ஒருவர் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்!

முழுப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

#4 | நெறியாளர்

புதுச்சாவி, இணைப்பை நீக்கிவிட்டேன். 581 பேரின் பெயரும் லாகினும் மின்னஞ்சலும் ஒரே கோப்பில் இருந்தது. போலி மெயில் அனுப்புகிறவனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடைக்காது. பதிவு மேலே இருந்தது ஆறு நிமிடம், மூன்று முறை தரவிறக்கம் ஆகியிருக்கிறது. உங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். தாமதித்துச் சொன்னால் இன்னும் மோசம்.

இனி எல்லாரும் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள், பட்டியல் வேண்டாம்.

#5 | புதுச்சாவி

சொல்லிவிட்டேன். திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு.

#6 | அரைப்புள்ளி

12 பேர் விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்தப் பன்னிரண்டு பெயர்களும் நீளமானவையா? எழுத்தை எண்ணிப் பாருங்கள்.

டைரக்டரியில் பழைய பாணி லாகின் பெயர், அதாவது சாம்-அக்கவுண்ட்-நேம் என்ற புலம், பயனர்களுக்கு 20 எழுத்துக்கு மேல் போகாது. விண்டோஸ் 2000க்கு முந்தைய காலத்து எல்லை அது, இன்னும் கூடவே வருகிறது. உங்கள் கணக்கு மென்பொருளில் யாரோ முழுப் பெயரையும் தட்டியிருப்பார்கள். டைரக்டரியில் அது இருபதாவது எழுத்தோடு வெட்டுப்பட்டிருக்கும். நீங்கள் 23 எழுத்தை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

#7 | புதுச்சாவி

> அந்தப் பன்னிரண்டு பெயர்களும் நீளமானவையா?

பன்னிரண்டுமே 20ஐத் தாண்டுகின்றன. இதைத் தேடி நேற்று மூன்று மணிநேரம் போனது. நீங்கள் பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள்.

#8 | மேகவாசி

இவ்வளவு சுற்றுவது ஏன்? யூபிஎன் இருக்கிறதே. யூசர் பிரின்சிபல் நேம் பார்க்க மின்னஞ்சல் மாதிரியே இருக்கும், காலியாக இருப்பதும் அரிது. மேகத்தில் எல்லாரும் அதை வைத்துத்தான் உள்ளே நுழைகிறார்கள். அதை எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

#9 | சர்வர்மேய்ப்பன்

மேகவாசி, பார்க்க மின்னஞ்சல் மாதிரி இருப்பதெல்லாம் மின்னஞ்சல் ஆகிவிடாது. யூபிஎன் என்பது நுழைவதற்கான பெயர். அதன் பின்பகுதி 'லோக்கல்' என்று முடியும் டொமைன்கள் இன்றும் எத்தனையோ இருக்கின்றன. அந்த முகவரிக்கு வெளியிலிருந்து ஒரு மெயிலும் வராது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கிறது, அது நல்ல பரிந்துரையும்கூட. ஆனால் கட்டாயம் இல்லை. ஒருவர் பெயர் மாற்றிக்கொண்டு மின்னஞ்சலை மாற்றினால் யூபிஎன் பழையபடியே கிடக்கும் இடங்களை நானே சரிசெய்திருக்கிறேன்.

#10 | மேகவாசி

எங்கள் இடத்தில் இரண்டும் ஒன்றுதான், ஐந்து வருடமாக ஒரு சிக்கலும் இல்லை.

#11 | சர்வர்மேய்ப்பன்

உங்கள் இடத்தில் யாரோ அதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார் என்று அர்த்தம். புதுச்சாவியின் இடத்தில் பாதி எழுதிய குறிப்பேடுதான் இருக்கிறது. யூபிஎன்னும் மெயிலும் வேறுபடுகிறவர்களை ஒரு வரியில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

#12 | புதுச்சாவி

எண்ணினேன். முகவரி கிடைத்த 581 பேரில் 73 பேருக்கு வேறுபடுகிறது.

#13 | மேகவாசி

சரி, ஒப்புக்கொள்கிறேன். 73 கொஞ்சம் அதிகம்தான்.

#14 | அரைப்புள்ளி

இப்போது அந்த 47க்கு வருவோம். அதற்கு முன் உங்களுக்கு 'ப்ராக்ஸி அட்ரசஸ்' என்ற புலத்தை அறிமுகப்படுத்த வேண்டும். எக்ஸ்சேஞ்ச் நிஜமாகவே பார்த்து மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதை வைத்துத்தான்.

மெயில் புலத்தில் ஒரே ஒரு மதிப்புதான் இருக்க முடியும். ப்ராக்ஸி அட்ரசஸில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஒருவருக்கு ஐந்து முகவரி இருந்தால் ஐந்தும் அங்கே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறையின் பெயர்) என்ற நான்கு எழுத்தும் ஒரு முக்காற்புள்ளியும் ஒட்டியிருக்கும். அந்த நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் அதுதான் முதன்மை முகவரி, அவர் அனுப்பும் மெயிலில் தெரிவது. சிறிய எழுத்தில் இருந்தால் அது துணை முகவரி. அதற்கு வரும் மெயிலும் அதே பெட்டிக்குத்தான் போகும், ஆனால் வழக்கமாக அதிலிருந்து எதுவும் கிளம்பாது. இந்த இரண்டையும் பிரித்துக்காட்ட வேறு எந்த அடையாளமும் கிடையாது. நம் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதமே இல்லாததாலோ என்னவோ, நான் இதைக் கவனிக்கவே ஒரு வருடம் ஆனது.

உங்கள் மூத்த மேலாளர் கதை இதுவாகத்தான் இருக்கும். இளையவரின் லாகின் பெயரில் இருக்கும் முகவரி மூத்தவருக்குத் துணை முகவரியாக எப்போதோ கொடுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் மெயில் திரும்பி வராமல் அவர் பெட்டியில் போய் உட்கார்ந்தது.

#15 | புதுச்சாவி

அப்படியேதான். அவருக்கு நான்கு முகவரிகள், மூன்றாவதாக அது இருக்கிறது.

ஆனால் எனக்கு இரண்டு குழப்பம். ஒன்று, எல்லாருடைய ப்ராக்ஸி அட்ரசஸையும் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எடுத்தால் முகவரிக்குப் பதில் 'மைக்ரோசாஃப்ட் டாட் ஆக்டிவ்டைரக்டரி டாட் மேனேஜ்மென்ட்...' என்று ஒரு நீளமான வால் எல்லா வரியிலும் வருகிறது. இரண்டு, பெரிய எழுத்து உள்ளவற்றை மட்டும் எடு என்று வடிகட்டினால் சிறிய எழுத்து முகவரிகளும் சேர்ந்து வருகின்றன.

#16 | அரைப்புள்ளி

இரண்டுமே பவர்ஷெல்லின் குணம்.

முதலாவது: அந்தப் புலத்தில் இருப்பது ஒரு தொகுப்பு. சிஎஸ்வியில் ஒரு கட்டத்துக்கு ஒரு சொற்சரம்தான் போகும். தொகுப்பைக் கொடுத்தால் உள்ளே இருப்பதை எழுதாமல் தொகுப்பின் வகைப்பெயரை எழுதிவிடுகிறது. ஜாயின் செய்து, நடுவில் அரைப்புள்ளி போட்டு (என் பெயரைச் சொல்லவில்லை), ஒரே சரமாக்கிவிட்டு எழுதுங்கள்.

இரண்டாவது: பவர்ஷெல்லில் லைக், மேட்ச் போன்ற ஒப்பீடுகள் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்ப்பதில்லை. அவற்றுக்கு முன்னால் ஒரு 'சி' சேர்த்தால் பார்க்கும். சிலைக், சிமேட்ச். இந்த ஒரு எழுத்து விடுபட்டால் ஒருவரின் பழைய துணை முகவரியை முதன்மை என்று எடுத்துக்கொள்வீர்கள். ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாது. மெயிலும் போய்ச் சேரும். பழைய முகவரியை யாராவது பெட்டியிலிருந்து எடுக்கும் நாளில்தான் உடையும், அன்றைக்கு யாருக்கும் இந்த ஸ்கிரிப்ட் நினைவுக்கு வராது.

அப்புறம், அந்தப் புலத்தில் எஸ்எம்டிபி மட்டும் இருக்காது. சிப் என்று தொடங்குவது அழைப்புக்கானது. எக்ஸ்500 என்று தொடங்குவதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

#17 | இரவுப்பணி

> எக்ஸ்500 என்று தொடங்குவதைக் குப்பை என்று நினைத்து

நான் அழித்திருக்கிறேன். கேளுங்கள்.

ஒரு பிரிவில் 40 பேரின் பெட்டிகளைப் புதிதாக உருவாக்கி மாற்றியிருந்தோம். ப்ராக்ஸி அட்ரசஸில் நீளநீளமாக எக்ஸ்500 வரிகள், பார்க்கவே அசிங்கமாக இருந்தன. "சுத்தம்" செய்தேன். மறுநாள் விசித்திரமான புகார்: வெளியிலிருந்து அனுப்பினால் அந்த 40 பேருக்கும் மெயில் போகிறது, பக்கத்து இருக்கையிலிருந்து அனுப்பினால் திரும்பி வருகிறது! திரும்பி வந்த அறிவிப்பில் 'ஐஎம்சிஈஏஈஎக்ஸ்' என்று தொடங்கும் ஒரு பூதம்.

காரணம் இதுதான். உள்ளே ஒருவருக்கொருவர் அனுப்பும்போது அவுட்லுக் பெயர்ப்பரிந்துரைப் பட்டியலில் நினைவு வைத்துக்கொள்வது மின்னஞ்சல் முகவரியை அல்ல. லெகசி எக்ஸ்சேஞ்ச் டிஎன் என்ற உள்விலாசத்தை வைத்துக்கொள்கிறது. பெட்டி புதிதானால் அந்த விலாசமும் புதிதாகிவிடும். பழைய விலாசத்தைத் தேடி வரும் மெயிலைப் புதிய பெட்டிக்குத் திருப்பிவிடத்தான் அந்த எக்ஸ்500 வரிகள். நான் அழித்தது வழிகாட்டிப் பலகையை. 40 பேருக்கும் பேக்கப்பிலிருந்து பார்த்துக் கையால் திரும்பச் சேர்த்தேன். விடிந்துவிட்டது.

#18 | நெறியாளர்

நல்ல கதை, ஆனால் கேள்வி முகவரி எடுப்பதைப் பற்றி. இழைக்குத் திரும்புவோம்.

#19 | பச்சைத்திரை

இழை முழுக்க விண்டோஸாகவே இருக்கிறது, ஒரு கிழவன் குறுக்கே வருகிறேன். நான் இன்னும் ஐபிஎம் ஐ என்ற ஐபிஎம் சர்வர்களைப் பார்க்கிறவன், ஏஎஸ்400 என்று சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்குப் புரியும். அங்கேயும் இதே கூத்துதான். யூசர் புரொஃபைலில் மின்னஞ்சல் இருக்கும் என்று தேடுவார்கள், இருக்காது. சிஸ்டம் டிஸ்ட்ரிபியூஷன் டைரக்டரி என்று தனியாக ஒன்று உண்டு. டபிள்யூஆர்கேடிஐஆர்ஈ என்று தட்டினால் திறக்கும். அதில் ஆளைத் திறந்து எஃப்19 அழுத்தினால்தான் அவருடைய எஸ்எம்டிபி பெயர் தெரியும். புரொஃபைலை உருவாக்கியவர் இந்த டைரக்டரியில் பதிவு செய்ய மறந்திருந்தால் ஆள் இருப்பார், முகவரி இருக்காது. உங்கள் 47 பேர் மாதிரி.

லினக்ஸில் பாஸ்வேர்டு கோப்பில் மின்னஞ்சலுக்குப் புலமே கிடையாது. டாமினோ என்ற மெயில் சர்வரில் பெர்சன் ஆவணத்தில் இன்டர்நெட் அட்ரஸ் என்று தனிப் புலம். எந்த அமைப்பை எடுத்தாலும் நுழைகிறவனின் பெயரும் கடிதம் போகும் விலாசமும் வெவ்வேறு அறையில்தான் இருக்கின்றன. நடுவில் கதவு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

#20 | கேள்விக்கணை

ஒரு சந்தேகம். டைரக்டரியெல்லாம் எதற்கு, மெயில் சர்வரையே கேட்டுவிட முடியாதா? எஸ்எம்டிபியில் விஆர்எஃப்ஒய் என்று ஒரு கட்டளை இருப்பதாகப் படித்தேன். இந்த முகவரி இருக்கிறதா என்று கேட்டால் சொல்லுமாமே.

#21 | பச்சைத்திரை

சொல்லும், அந்தக் காலத்தில் சொல்லியது. ஈஎக்ஸ்பிஎன் என்று இன்னொன்றும் உண்டு, குழு முகவரியைக் கொடுத்தால் உள்ளே யார் யார் என்று விரித்துக் காட்டும். ஊருக்கெல்லாம் கதவு திறந்து வைத்திருந்த நாட்கள் அவை. குப்பை மெயில்காரர்கள் அகராதியை வைத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பட்டியல் சேர்க்கத் தொடங்கியதும் எல்லாரும் அடைத்துவிட்டார்கள். இப்போது கேட்டால் பெரும்பாலும் 252 என்று பதில் வரும். "உறுதி சொல்ல முடியாது, அனுப்பு, முயன்று பார்க்கிறேன்" என்பது அதன் பொருள். அரசு அலுவலகக் கோப்பில் எழுதும் குறிப்பு மாதிரி.

உங்கள் சர்வரில் அது இன்னும் பெயர் சொல்லிப் பதில் தருகிறது என்றால் முதல் வேலையாக அடையுங்கள்.

#22 | புதுச்சாவி

47 பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டேன். 18 ஆட்களே அல்ல: பேக்கப், ஸ்கேனர் போன்றவற்றுக்கான சர்வீஸ் கணக்குகள். 20 பேர் நிஜ ஆட்கள், ஆனால் அவர்களுக்கு மெயில்பெட்டியே தரப்படவில்லை. களப்பணியாளர்கள், பொதுக் கணினியில் நுழைந்து பில்லைப் பார்ப்பார்கள். 3 பேர் வேலையை விட்டுப் போனவர்கள். மீதி 6 பேருக்குப் பெட்டி இருக்கிறது, ப்ராக்ஸி அட்ரசஸில் முதன்மை முகவரியும் இருக்கிறது, மெயில் புலம் மட்டும் காலி. இது எப்படி நடக்கும்?

#23 | அரைப்புள்ளி

யாரோ ஆக்டிவ் டைரக்டரியின் யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் திரையில் ஆளைத் திறந்து, ஈமெயில் கட்டத்தைக் கையால் அழித்திருப்பார்கள். அந்தத் திரை டைரக்டரியை நேரடியாகத் தொடுவது, எக்ஸ்சேஞ்சுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. அதனால் மெயில் புலம் மாறும், ப்ராக்ஸி அட்ரசஸ் அப்படியே இருக்கும். இரண்டு புலங்களும் எக்ஸ்சேஞ்சின் சொந்தத் திரை வழியாக மாற்றினால்தான் கைகோர்த்து மாறும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். அதே கட்டத்தில் யாரும் எதை வேண்டுமானாலும் தட்டலாம், இன்னொருவருக்கு இருக்கும் முகவரியைக்கூட. டைரக்டரி தடுக்காது. ஆகவே மெயில் புலம் நிரம்பியிருக்கும் 581 பேரையும் அப்படியே நம்பாதீர்கள். ப்ராக்ஸி அட்ரசஸில் இருக்கும் முதன்மையோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் தனியாக எடுத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் எக்ஸ்சேஞ்ச் சொல்வதுதான் சரி. மேகத்துக்குப் போனவர்களிடம் டார்கெட் அட்ரஸ் என்று ஒன்று தெரியும், 'ஆன்மைக்ரோசாஃப்ட்' என்று வால் வைத்து. அது சர்வர்கள் தங்களுக்குள் மெயிலைக் கைமாற்றிக்கொள்ள வைத்திருப்பது. மனிதர்களுக்குக் காட்டாதீர்கள்.

#24 | இரவுப்பணி

வேலையை விட்டுப் போனவர்களைத் தள்ள "முடக்கப்பட்ட கணக்குகள் வேண்டாம்" என்று வடிகட்டி போடப் போகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம். பொதுப் பெட்டி, அதாவது ஷேர்டு மெயில்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பயனர் கணக்கு உண்டு, அது முடக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும். அது இயல்பு. கணக்குப் பிரிவுக்குப் பொதுப் பெட்டி வைத்திருந்தால் வடிகட்டி அதையும் சேர்த்துத் தூக்கிவிடும். எனக்கு நடந்தது.

#25 | கேள்விக்கணை

தலைகீழாகத் தேட முடியுமா? என்னிடம் முகவரி இருக்கிறது, அது யாருடையது என்று தெரியவில்லை.

#26 | சர்வர்மேய்ப்பன்

முடியும். ப்ராக்ஸி அட்ரசஸில் எஸ்எம்டிபி, முக்காற்புள்ளி, முழு முகவரி என்று கொடுத்துத் தேடுங்கள். தேடலில் டைரக்டரி பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காது, முதன்மையோ துணையோ எதுவானாலும் மாட்டும். ஆனால் பயனர்களுக்குள் மட்டும் தேடாதீர்கள். முகவரி ஒரு குழுவுடையதாக இருக்கலாம், வெளித்தொடர்பாக இருக்கலாம். "இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது" என்று எக்ஸ்சேஞ்ச் அடம்பிடிக்க, ஒரு முகவரியை அரை நாள் தேடியிருக்கிறேன். கடைசியில் அது யாரும் திறக்காத ஒரு பப்ளிக் ஃபோல்டருக்குச் சொந்தம். கெட்-ரெசிபியன்ட் என்று கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்கும், அது வகை பார்க்காமல் எல்லாரையும் தேடும்.

ஒரே காட்டில் (ஃபாரஸ்ட், அதாவது டொமைன்களின் தொகுப்பு) பல டொமைன்கள் இருந்தால் எல்லா டொமைன்களுக்கும் பொதுவான பட்டியலான குளோபல் கேட்டலாகைக் கேளுங்கள், 3268ஆம் போர்ட். வழக்கமான 389இல் கேட்டால் அந்த ஒரு டொமைனுக்குள் மட்டும்தான் தேடும்.

#27 | மேகவாசி

முழுக்க மேகத்தில் இருப்பவர்களுக்காக இதையும் சேர்த்துவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் மேகத்தின் தரவைக் கேட்டு வாங்கும் வாசலான கிராஃப் வழியாகப் பயனர்களைக் கேட்டால் மெயிலும் யூபிஎன்னும் தானாக வரும். ப்ராக்ஸி அட்ரசஸ் வேண்டுமென்றால் செலக்ட் போட்டுக் கேட்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 100 பேர்தான் தருகிறது, 999 வரை கூட்டலாம். அடுத்த பக்கத்தின் இணைப்பைப் பின்தொடராமல் விட்டால் முதல் 100 பேரோடு நிறுவனமே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். யூபிஎன் பற்றி நான் முதலில் சொன்னதை மறந்துவிடுங்கள்.

#28 | சர்வர்மேய்ப்பன்

எண்ணிக்கை எல்லை எல்லா இடத்திலும் உண்டு. டைரக்டரியைக் கேட்கும் நெறிமுறையான எல்டேப்பில் நேரடியாகத் தேடினால் ஒரு பதிலுக்கு 1000, பக்கம் பக்கமாகக் கேட்டால்தான் மேலே போகும். எக்ஸ்சேஞ்சின் கெட்-மெயில்பாக்ஸ் கட்டளையும் 1000இல் நின்றுவிடும். டைரக்டரியில் தேடும் பழைய டிஎஸ்கொயரி கட்டளை 100இலேயே நிற்கும். விடை அச்சு அசலாக 100 அல்லது 1000 என்று முடிந்தால் சந்தேகப்படுங்கள். உலகம் அவ்வளவு முழு எண்ணாக அமையாது.

#29 | புதுச்சாவி

ஒரு சின்னக் கேள்வி. சிலருக்குக் காட்சிப்பெயர் தமிழில் இருக்கிறது. சிஎஸ்வியில் அவர்கள் பெயர் முழுக்கக் கேள்விக்குறிகளாக வருகிறது.

#30 | அரைப்புள்ளி

விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பு பவர்ஷெல் சிஎஸ்வியை ஆஸ்கியில் எழுதும், தமிழ் அதற்குத் தெரியாது. என்கோடிங் சுவிட்சில் யூடிஎஃப்8 என்று கொடுங்கள். அந்தக் கேள்விக்குறிகள் வெறும் காட்சிக் கோளாறு அல்ல, எழுத்து நிஜமாகவே போய்விட்டது. அந்தக் கோப்பைத் திரும்ப எங்கும் ஏற்றிவிடாதீர்கள்.

#31 | புதுச்சாவி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கடைசியில் செய்தது இது. முகவரியை ஒரே முறை நகலெடுத்து நிரப்புவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு இரவும் ஒரு ஸ்கிரிப்ட் டைரக்டரியைப் படித்து, ப்ராக்ஸி அட்ரசஸில் பெரிய எழுத்தில் இருப்பதை எடுத்து (ஆம், சிலைக்!) கணக்கு மென்பொருளின் கட்டத்தில் எழுதுகிறது. அதற்குத் தனியாக ஒரு சாதாரணக் கணக்கு, இணைப்பு மறைகுறியாக்கம் உள்ள 636ஆம் போர்ட்டில். முன்பு இருந்தவரின் ஒரு ஸ்கிரிப்ட் 389இல் பாஸ்வேர்டை வெட்டவெளியாக அனுப்பிக்கொண்டிருந்ததும் இதே வேலையில் கண்ணில் பட்டது. மெயிலும் ப்ராக்ஸி முதன்மையும் பொருந்தாதவர்கள் 9 பேர், கையால் சரிசெய்தேன். நீளப்பெயர் 12 பேருக்கும் கணக்கு மென்பொருளில் லாகினைத் திருத்திவிட்டோம். பெட்டியே இல்லாத 20 பேருக்கு டைரக்டரியின் மேனேஜர் புலத்தைப் பார்த்து அவர்களின் மேலாளருக்கு மெயில் போகிறது.

போன வாரம் ஒருவர் பெயர் மாற்றிக்கொண்டார், முகவரியும் மாறியது. மறுநாள் காலை கட்டத்தில் புது முகவரி சரியாக வந்து நின்றது. ஆனால் ஒப்புதல் மெயில் பழைய முகவரிக்கே போனது. தோண்டிப் பார்த்தால், அந்த மென்பொருள் பில் உருவாகும் நேரத்திலேயே ஒப்புதல் தருபவரின் முகவரியைப் பில்லோடு சேர்த்து எழுதிவைத்துக்கொள்கிறது. நிலுவையில் உள்ள பில்கள் எல்லாவற்றிலும் பழைய முகவரி. மெயில் அவருக்குப் போய்ச் சேரத்தான் செய்தது, எக்ஸ்சேஞ்ச் பழையதைச் சிறிய எழுத்தில் துணை முகவரியாக விட்டுவைத்திருந்ததால். யாரும் அதை எடுத்துவிடக் கூடாது என்று அந்தப் பயனரின் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன். மென்பொருள் விற்றவர்களிடமும் கேட்டிருக்கிறேன், பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

#32 | இரவுப்பணி

பயனரின் குறிப்பில் மட்டும் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அந்தப் பாதி எழுதிய குறிப்பேட்டிலும் எழுதிவையுங்கள்.